ஐந்து வாக்கியப் பாடம்

ஹோசியத் என் வகுப்பில் முதலிடம் பிடித்த வெள்ளிக்கிழமை, அவள் கணவன் அவளை ரப்பர் குழாயால் அடித்தான். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற பச்சைக் குழாய். அதில் ஒரு முழம் அறுத்துக் கதவுக்குப் பின்னால் மாட்டி வைத்திருந்தான். அடிக்குக் காரணம் நான் போட்ட பட்டியல். இது எனக்குத் தெரிய ஒரு மாதம் ஆனது. அந்த ஒரு மாதமும் என் வகுப்பு பிரமாதமாக நடக்கிறதென்று நான் தலைகால் புரியாமல் ஆடிக்கொண்டிருந்தேன். நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

என் பெயர் முகர்ரம். உஸ்பெகிஸ்தானில் ஒரு பள்ளத்தாக்கு ஊரான மர்கிலானில் வீடு. கொரியாவில் ஏழு வருடம், இரும்புச் சாமான்களுக்கு முலாம் பூசும் பட்டறையில் வேலை பார்த்தேன். அங்கே எனக்குக் கொரிய மொழி கற்றுக்கொடுத்தது மேஸ்திரியின் ஸ்பானர்தான். அவன் கேட்டதை விட்டு வேறொன்றை எடுத்துப்போனால் முதுகில் ஒன்று விழும். அப்படிப் படித்த சொற்களைச் சொல்லும்போது இப்போதும் தோள் தானாகச் சுருங்கும். ஊர் திரும்பி, கொரியாவுக்கு வேலைக்குப் போகிறவர்கள் எழுதும் மொழித் தேர்வுக்காக ஆன்லைனில் வகுப்பு தொடங்கியபோது, என்னிடம் படிக்கிற யாரும் அடிபட்டுப் படிக்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டேன்.

போன குளிர்காலத்தில் தாஷ்கண்டில் பன்னிரண்டு நாள் பயிற்சிக்குப் போனேன். பாடம் நடத்துவதற்கு முன்னால் அதை வடிவமைக்க வேண்டும், அதற்கு ஐந்து படிகள் என்றார்கள். படிப்பவரை அறி, திட்டமிடு, பாடத்தை உருவாக்கு, நடத்து, மதிப்பிடு. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் ஏழு வருடம் படித்தவளுக்கு இப்படி ஒன்று கிடைத்தால் சும்மா இருப்பாளா? ஐந்தையும் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினேன்.

முதல் படிக்காக இருபத்திரண்டு பேருக்கும் ஒரு படிவம் அனுப்பினேன். சொந்த போன் இருக்கிறதா? தனியாக உட்கார்ந்து படிக்க இடம் உண்டா? வீட்டில் ஆதரவு உண்டா? எல்லாரும் எல்லாவற்றுக்கும் ஆம் என்று எழுதினார்கள். எங்கள் பள்ளத்தாக்கில் வீட்டுக் குறையைக் காகிதத்தில் எழுதிக் கொடுக்கிற ஆள் இன்னும் பிறக்கவில்லை. அடுப்பில் பூனை தூங்கினாலும், எல்லாம் இருக்கிறது, ஆண்டவனுக்கு நன்றி என்றுதான் சொல்வோம். நானே அப்படித்தான் சொல்வேன். இருந்தும் அந்த ஆம்களை எண்ணி வண்ண வரைபடம் போட்டேன். ஹோசியத், அவள் கணவன் ஹம்தம் இரண்டு பேர் படிவத்திலும் ஒரே போன் எண் இருந்தது. பார்த்தேன். எழுதும்போது கை தவறியிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஹம்தமுக்கு முப்பது வயது, வெல்டிங் வேலை. அந்தத் தேர்வில் இரண்டு தடவை தோற்றவன். ஹோசியத்துக்கு இருபத்து நான்கு. மகனுக்குத் துணையாகப் படிக்கட்டும் என்று மாமியாரே அவளைச் சேர்த்துவிட்டாள். துணைக்கு வந்தவள் மூன்றே வாரத்தில் எல்லாரையும் தாண்டிவிட்டாள். பசித்தவள் சாப்பிடுகிற மாதிரி படித்தாள் அந்தப் பெண்.

படிப்பவருக்கு ஊக்கம் வேண்டும், போட்டி இருந்தால் ஊக்கம் வரும் என்பதும் பயிற்சியில் கற்றதுதான். அதனால் வெள்ளிக்கிழமைதோறும் மதிப்பெண் பட்டியலை வகுப்புக் குழுவில் போட ஆரம்பித்தேன். முதல் பட்டியலில் முதலிடம் ஹோசியத், தொண்ணூற்றாறு. கடைசி இடம் ஹம்தம், நாற்பத்தொன்று. முதலிடத்துக்குப் பக்கத்தில் ஒரு தங்கக் கோப்பைப் படம் வேறு ஒட்டியிருந்தேன்.

அன்று மதியம் அவர்கள் தெருவில் ஆண்கள் வாராவாரம் கூடிச் சாப்பிடுகிற புலாவ் விருந்து. அதே தெருவில் ஜோகிர் என்று ஒரு லாரி டிரைவர். அவனும் என் வகுப்புதான், பட்டியலில் ஒன்பதாவது. போனை எல்லாரும் பார்க்கும்படி தூக்கிப் பிடித்தானாம்.

"டேய் ஹம்தம், உன் பொண்டாட்டி கொரியாவுக்குப் பறந்துருவா போலிருக்கே! நீ இங்கயே விடியக்காலம் எழுந்து முற்றத்தக் கூட்டு, மாவு பெச."

"வர்றப்ப உனக்கு நல்லதா ஒரு முக்காடு வாங்கிட்டு வரச் சொல்லுடா," என்றான் இன்னொருத்தன்.

ஹம்தமும் சிரித்தான். இரண்டு தட்டு சாப்பிட்டான். டீ குடித்தான். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக் குழாயை எடுத்தான். முதுகு, தொடை, மறைக்க வந்த கை. ஒவ்வொரு அடியையும் கொரிய மொழியில் எண்ணச் சொன்னானாம். பதினேழுக்கு மேல் அவள் சொல்வது சரியா தப்பா என்று அவனுக்குத் தெரியவில்லை, அதோடு நிறுத்திக்கொண்டான். இதெல்லாம் ஹோசியத் பின்னால் எனக்குச் சொன்னது.

அடுத்த வெள்ளி அவள் மதிப்பெண் எழுபத்தொன்று. அதற்கடுத்தது ஐம்பத்திரண்டு. நான்காவது பட்டியலில் முப்பத்தொன்பது, கடைசி இடம். ஹம்தம் அவளுக்கு ஒரு படி மேலே.

திங்கட்கிழமை காலை அவள் விடைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சரியான விடையைத் தொட்டிருக்கிறாள், பிறகு அழித்துத் தப்பானதைத் தொட்டிருக்கிறாள். ஒன்றல்ல, இரண்டல்ல, முப்பது இடத்தில். எனக்குக் கோபம் வந்தால் புத்திக்கு முன்னால் கை போகும். டீக் கிண்ணம் சுவரில் மோதி உடைந்தது. அப்புறம் போனை எடுத்துக் குரல் செய்தி அனுப்பினேன்.

"ஹோசியத், என்னை என்ன முட்டாள்னு நெனச்சியா? வேணும்னே தப்பா எழுதுற. புருஷனுக்குக் கீழ நிக்கணும்னுதானே? அவருக்காக உன் தலையில நீயே மண்ணள்ளிப் போட்டுக்கிறியா? அடுத்த வாரம் பழைய மார்க் வரல, வகுப்புல இருந்தே தூக்கிடுவேன், பாத்துக்க."

அந்த எண் ஹம்தமின் போன். அவன் பட்டறையில், கூட வேலை செய்கிற மூன்று பேருக்கு நடுவில் நின்று, சத்தமாக வைத்துக் கேட்டான்.

முதல் தடவை அடித்தது அவள் ஜெயித்ததற்கு. இந்தத் தடவை அவள் விட்டுக்கொடுத்ததற்கு. "எனக்கே பிச்சை போடுறியா? எனக்கே?" என்று கேட்டுக் கேட்டு அடித்தான். குழாயைத் தேடிப் போகக்கூடப் பொறுமையில்லை. புலாவ் கிளறுகிற நீளக் கைப்பிடி இரும்புக் கரண்டி கையில் அகப்பட்டது. அது இடது காதில் இறங்கியது. ரத்தம் கழுத்து வழியாக ஓடிச் சட்டைக்குள் போனது. விழுந்தவளைப் பூட்ஸ் காலால் விலாவில் உதைத்தான், ஒரே இடத்தில், திரும்பத் திரும்ப. மாமியார் வந்து அவன் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டு போய்க் கழுவினாள். ராத்திரிச் சமையலுக்கு அது வேண்டுமாம்.

மறுநாள் செவ்வாய், மதியம் இரண்டு மணிக்கு நேரலை வகுப்பு. பாடத்தின் பெயர் 'நேற்று என் வீட்டில்'. நான் வடிவமைத்த முறை இது: முதலில் நான் சொல்வேன், பிறகு எல்லாரும் சேர்ந்து சொல்வார்கள், பிறகு ஒவ்வொருவராகத் தனியே ஐந்து வாக்கியம் சொல்ல வேண்டும். வீடு, சமையலறைச் சாமான், உடம்பு, குடும்பத்து ஆட்கள், நடந்து முடிந்ததைச் சொல்வது என்று நான்கு வாரமாக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு வந்திருந்தேன்.

ஜோகிர் தன் ஐந்தில் கடைசி இரண்டைக் கொரிய மொழியில் இழுத்து இழுத்துச் சொன்னான். "நேற்று நான் லாரியைக் கழுவினேன். பிறகு என் மனைவி என்னைக் கழுவினாள்." எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

அடுத்து ஹோசியத். முக்காடு கன்னம்வரை இறங்கியிருந்தது. அவளை ஒட்டி உட்கார்ந்து ஹம்தம் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தான்.

"இன்னிக்கு ஒழுங்கா பேசுவா டீச்சரக்கா. நல்லா சொல்லி வெச்சிருக்கேன்," என்றான் எங்கள் உஸ்பெக்கில்.

அவள் கொரிய மொழியில் ஆரம்பித்தாள். நிதானமாக, ஒரு பிழை இல்லாமல்.

"நேற்று என் கணவர் சமையலறைக்கு வந்தார். பெரிய கரண்டியால் என் காதில் அடித்தார். காலால் என் விலாவில் உதைத்தார். என் இடது காது கேட்கவில்லை. ஆசிரியரே, இன்றும் அடிப்பார்."

திரையில் இருபது முகங்களும் அப்படியே நின்றன. ஜோகிரின் சிரிப்பு பாதியில் செத்தது. எல்லாருக்கும் புரிந்துவிட்டது. புரியாமல் எங்கே போகும்? ஒவ்வொரு சொல்லும் நான் கொடுத்தது. நான்கு வாரத்தில் முதல்முறையாக என் பாடம் முழுசாக வேலை செய்தது அந்த நிமிஷம்தான். புரியாதவன் ஒரே ஒருவன், அவள் பக்கத்தில் உட்கார்ந்து உமியைத் துப்பிக்கொண்டிருந்தான்.

"எப்படிக்கா, நல்லா பேசுறாளா?"

"நல்லா பேசுறா தம்பி," என்றேன். கேள்வி கேட்கிற அதே வகுப்புக் குரலில், கொரிய மொழியில் அவளிடம் கேட்டேன்: "வாசற்கதவு திறந்திருக்கிறதா?"

"பூட்டியிருக்கிறது. சாவி மாமியாரிடம்."

"ஜோகிர், உங்கள் வீட்டிலிருந்து அந்த வீடு எவ்வளவு தூரம்?"

ஜோகிர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தான். "மூன்று நிமிடம்."

"போங்கள்."

அவன் நாற்காலி காலியானது. இனி மூன்று நிமிஷம் ஹம்தமைப் பிடித்து வைக்க வேண்டும். "இப்ப நீங்க சொல்லுங்க தம்பி, உங்க முறை," என்றேன். அவன் விதைகளைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். "நேற்று நான்... நேற்று நான் டீ..." என்று திணறினான். "அடடே, அருமை! அப்புறம்?" என்றேன். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அவன் முகம் சிவந்தது. நான் அருமை, அருமை என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அப்போது என் மாணவர்களில் ஒரு மடையன், நல்ல மனசுக்காரன்தான், அந்த நல்ல மனசைக் கொண்டுபோய் உடைப்பில் போட, எல்லாரும் பார்க்கிற உரையாடல் பெட்டியில் உஸ்பெக்கில் எழுதினான்: அண்ணே, அவங்கள அடிக்காதீங்க, பாவம்.

ஹம்தமுக்குக் கொரிய மொழிதான் வராது. உஸ்பெக் நன்றாகப் படிப்பான்.

ஒரு நொடி அவன் உதடு அசைந்தது. அடுத்த நொடி முக்காட்டோடு சேர்த்து அவள் முடியைப் பிடித்து இழுத்தான். போன் விழுந்து மல்லாந்தது. அப்புறம் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் வெள்ளைக் கூரையும் அதில் ஒரு பல்பும்தான். கேட்டதோ எல்லாம் கேட்டது. டீப்பானை உடைந்தது. தலை மேஜை விளிம்பில் மோதுகிற சத்தம், ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்றாவது தடவை. "எல்லார்கிட்டயும் சொன்னியா? எல்லார்கிட்டயுமா?" என்று அவன். "அம்மா, ஐயோ அம்மா" என்று அவள். வேறு சொல் வரவில்லை அவளுக்கு.

"யாரும் மைக்க அணைக்காதீங்க! கத்துங்க, எல்லாரும் கத்துங்க!" என்று நான் அலறினேன். கத்தினார்கள். தரையில் கிடந்த அந்த ஒரு போனிலிருந்து பத்தொன்பது பேர் குரல். "விடுடா அவள!" "கொலகாரப் பாவி!" "போலீஸ் வருதுடா!" ஒரு பெண் வெறுமனே வீறிட்டாள். அவன் போனை மிதித்தான். உடையவில்லை.

பிறகு வாசற்கதவில் இரும்பு மோதியது. ஜோகிர் தன் இரண்டு தம்பிகளோடும் லாரி டயர் கழற்றுகிற ஸ்பானரோடும் வந்துவிட்டான். பூட்டு தெறித்தது. மாமியார் தெருவுக்கே கேட்கிற மாதிரி கூப்பாடு போட்டாள். யாரோ யாரையோ சுவரில் அறைந்தார்கள். கடைசியாகக் கட்டை முறிகிற மாதிரி ஒரு சத்தம், ஹம்தமின் ஓலம். அவன் வலது கை. அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டேன். மறைத்து என்ன ஆகப்போகிறது? எழுந்து நின்று கைதட்டாத குறை.

மர்கிலானிலிருந்து நான் டாக்ஸி பிடித்து அவர்கள் ஊர் காவல் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது ஐந்து மணி. ஹம்தம் ஆஸ்பத்திரியில். ஜோகிர் விலங்கோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான், உதடு கிழிந்து தொங்கியது. தலையிலும் இடது காதிலும் கட்டோடு ஹோசியத் லெப்டினன்டின் மேஜைக்கு எதிரில் இருந்தாள். எனக்கு முன்னாலேயே மாமியார் வந்து அவளை ஒட்டி உட்கார்ந்து, அவள் கையை எடுத்துத் தன் மடியில் இறுக்கி வைத்திருந்தாள்.

"சொல்லும்மா, என்ன நடந்துச்சு?" என்றார் லெப்டினன்ட்.

"கால் தவறி விழுந்துட்டேன்," என்றாள் ஹோசியத்.

"கேட்டீங்களா?" என்றாள் மாமியார். "படியில விழுந்தா. அவ்வளவுதான். இந்த லாரிக்காரன்தான் வீடு பூந்து என் புள்ள கைய ஒடிச்சிருக்கான். இவனப் புடிச்சு உள்ள போடுங்க. எம் மருமகள நான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன், அடுப்புல வேல கெடக்கு."

அவள் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போனால் உயிரோடு இருக்க மாட்டாள். அது எனக்குத் தெரியும், ஜோகிருக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். நான் குனிந்து அவள் வலது காதருகே கொரிய மொழியில் கேட்டேன்: "நேற்று உங்கள் வீட்டில் என்ன நடந்தது?"

உடனே சொன்னாள். அதே ஐந்து வாக்கியம். நான் ஒவ்வொன்றாக உஸ்பெக்கில் சொல்லச் சொல்ல, லெப்டினன்ட் பேனாவைக் கீழே வைத்தார்.

"நீங்க நல்லவங்களாவே இருங்கக்கா. ஆனா அவ வாயால விழுந்துட்டேங்கிறா, நீங்க வேற சொல்றீங்க. விலங்குல இருக்கிற இவன் சாட்சி செல்லாது, இந்த பாஷை தெரிஞ்ச இன்னொரு ஆள் வந்து ஆமான்னு சொன்னா எழுதுறேன்."

வராந்தாவில் என் மாணவர்கள் ஒன்பது பேர் நின்றிருந்தார்கள். ஜோகிருக்காக வந்தவர்கள். எனக்கு உயிர் வந்தது. "உள்ள வாங்க, ஒருத்தர் வந்தா போதும்!" என்றேன்.

முதலாமவன் தொப்பியைக் கழற்றி அதற்குள் பார்த்தான். "நாங்க புதுசா படிக்கிறவங்கக்கா. சரியா வெளங்கல."

"அவங்க வேகமா பேசிட்டாங்க," என்றான் அடுத்தவன்.

"அடுத்த வீட்டு விஷயம்," என்றாள் ஒருத்தி. "எங்க வீட்டுல தெரிஞ்சா அப்புறம் எனக்கு யாரு?"

"அப்ப போன்ல கத்துனது யாரு? உங்க பேயா?" என்று நான் கத்தினேன். கதவு விரியத் திறந்திருந்தது, நிலையம் முழுக்கக் கேட்டிருக்கும். "ஒவ்வொரு வார்த்தையும் உங்களுக்குப் புரிஞ்சுது! நான் சொல்லிக் குடுத்த வார்த்தைடா அது! நாலு வாரம் தொண்ட கிழியக் கத்துனேனே!" ஒருவனைச் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். அவன் எதிர்க்கவில்லை, தரையையே பார்த்துக்கொண்டு ஆடினான். கொரிய மொழியில் புரிந்ததை உஸ்பெக்கில் புரிந்ததாகச் சொல்ல அவர்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. அவனை விட்டுவிட்டு உள்ளே வந்தேன். கண்ணீர் பொங்கியது, துக்கமில்லை, ஆத்திரம்.

ஹோசியத் தன் கையை மாமியார் மடியிலிருந்து எடுத்திருந்தாள். லெப்டினன்டை நேராகப் பார்த்து உஸ்பெக்கில் பேச ஆரம்பித்தாள். சொந்த மொழியை யாரும் அப்படிப் பேச மாட்டார்கள். துண்டு துண்டாக, ஒரு வாக்கியம், நிறுத்தம், இன்னொரு வாக்கியம். கொரிய மொழியிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி எங்கள் மொழியில் வைத்தாள்.

"நேத்து வீட்டுக்காரர் சமையலறைக்கு வந்தார். பெரிய கரண்டியால என் காதுல அடிச்சார்."

"வாய மூடுடி!" என்றாள் மாமியார்.

"கால்ல என் விலாவுல ஒதச்சார். என் எடது காது கேக்கல."

லெப்டினன்ட் பேனாவை எடுத்தார். "வீட்டுக்காரர்னு எழுத முடியாதும்மா. பேர் வேணும். அடிச்சது யாரு, பேர் சொல்லு."

எங்கள் பக்கம் பெண்கள் கணவன் பெயரைச் சொல்வதில்லை. 'அவர்' என்பார்கள், 'உங்க தம்பி' என்பார்கள், ஒன்றும் கிடைக்காவிட்டால் இருமிக் காட்டுவார்கள். ஆறு வருடக் கல்யாணத்தில் ஹோசியத் அந்தப் பெயரை ஒரு தடவைகூட வாயால் சொன்னதில்லை. அவள் என்னைப் பார்த்தாள். எனக்கு வாய்வரை வந்துவிட்டது. முதலில் சொல்லிக் கொடுத்தே பழகிய வாய். பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டேன்.

"ஹம்தம்," என்றாள் ஹோசியத்.

மாமியார் துள்ளி எழுந்தாள். மருமகள் காது கிழிந்தபோது பதறாதவள், தலை மேஜையில் மோதியபோது பதறாதவள். "பாருங்க சார்! புருஷன் பேரச் சொல்றா! வெக்கங்கெட்டவ, எம் புள்ள பேரச் சொல்றா!" என்று கூவிக்கொண்டே, மேஜைக்கு எதிரிலேயே, அந்தக் கட்டுப்போட்ட காதின்மேல் ஓங்கி அறைந்தாள். கட்டு மறுபடி சிவந்தது. லெப்டினன்ட் பாய்ந்து அவள் இரண்டு கையையும் பிடித்தார்.

ஹோசியத் மேஜையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். கூச்சல் அடங்கும்வரை காத்திருந்தாள்.

"ஹம்தம் அடிச்சான்," என்றாள். "எழுதுங்க. ஹம்தம்."